மேல்மாடி அறைக்கு ஒரு லைசன்ஸ்

வீட்டுக்குள் சட்டத்தைக் கொண்டுவருவது என்று ஒரு மழை நாளில் தீர்மானித்தேன். இதுவரை எங்கள் வீட்டில் சட்டம் என்றால் என் மனைவி அங்கம்மா சொல்வதுதான். அது எழுதாத சட்டம். அப்பீல் கிடையாது. ஆனால் நாட்டில் எழுதிய சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதை வைத்து அவளை ஒரு தடவையாவது மடக்கிவிடலாம் என்று நம்பினேன். மடங்கியது யார் என்பதைச் சொல்லத்தான் இந்தப் புலம்பல்.

நான் கறுப்பையா. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பேராதனையில் கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, கிட்ட ஒரு சின்ன மாடி வீடு. கீழே நானும் அங்கம்மாவும். மேலே எங்கள் ஒரே மகன் நிரோஷனின் அறை. மகன் அவுஸ்திரேலியாவில், மெல்பனில் இருக்கிறான். அறை மட்டும் இங்கே இருக்கிறது.

அவன் போன பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. குறைந்துவிட்டது என்பது சும்மா கௌரவத்துக்குச் சொல்வது. "தேத்தண்ணி ஊத்தவா?" "ம்." "சோறு போடவா?" "ம்." அவ்வளவுதான் எங்கள் குடும்ப சம்பாஷணை. கங்காணிமாரோடு நாள் பூராவும் சண்டை பிடித்த வாய் இது. இப்போது ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்க்கிறது. அங்கம்மா குசினியில் சட்டிபானையோடு பேசிக்கொண்டிருப்பாள். அதுகளாவது டங்கென்று ஒரு பதில் சொல்லும்.

அப்படி இருக்கையில்தான் அன்றைக்கு அவள் திடீரென்று சொன்னாள்.

"மேல் ரூம ஒரு கெம்பஸ் பிள்ளைக்கு வாடகைக்குக் குடுக்கப் போறேன்."

"எந்த ரூம?"

"நம்ம வீட்டுல எத்தன மேல் ரூம் இருக்கு?"

"அது நிரோஷன் ரூம்."

"நிரோஷன் எங்க?"

"வருவான்."

"வரட்டும். வந்தா கீழ ஹோல்ல படுக்க மாட்டானா? ஹட்டன் பக்கத்துல இருந்து சிந்துஜான்னு ஒரு பிள்ள. கெம்பஸ் கெடச்சிருக்கு, தங்குறதுக்கு எடம் இல்லாம அலையுதாம். பாவமா இருக்கு."

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையைக் கொடுத்துவிட்டால், மகன் இனி வரமாட்டான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதுதான் என் பயம். அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? சட்டத்தைத்தான் சொல்ல முடியும்.

"லைசன்ஸ் எடுத்தியா?" என்றேன்.

"எதுக்கு?"

"ரூம் வாடகைக்கு விடுறதுன்னா சும்மாவா? பிரதேச சபையில அனுமதி எடுக்கணும். சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து பாக்கணும். பொலிஸ்ல பதியணும். இல்லாட்டி உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"யார?"

"வீட்டுக்காரன."

"அப்ப நீங்கதான போவீங்க?" என்றாள், கொஞ்சமும் பதறாமல்.

நான் சொன்னதில் பாதி பேப்பரில் வாசித்தது. மீதி என் கைச்சரக்கு. கந்தோர், ஆபீஸ் என்றாலே அங்கம்மாவுக்கு ஆகாது, இதோடு விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளோ குடையை எடுத்து என் கையில் தந்தாள். "என்னென்ன வேணும்னு ஒழுங்காக் கேட்டுட்டு வாங்க."

போனேன். என் கைச்சரக்கையும் தாண்டி அங்கே விதி இருந்தது. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அதிலும் அந்த உத்தியோகத்தர் "ஹெட்ட என்ன" என்றார் பாருங்கள், அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போல இருந்தது. சிங்களத்தில் நாளைக்கு வாங்க என்று அர்த்தம். எங்கள் நாட்டில் நாளை என்பது லேசில் வராது.

வீட்டுக்கு வந்ததும் அங்கம்மா தேத்தண்ணியோடு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா சொன்னாங்க?"

"நாளைக்கு வரட்டாம்."

"யாரு சொன்னது? வயசாளியா?"

"மெலிஞ்ச பொடியன். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போயிருறான். வாங்குப் பலகையில எனக்குப் பக்கத்துல றவூப் நானான்னு ஒருத்தர். கலகெதரயில கட வச்சிருக்காரு. கெம்பஸ் பக்கம் ஒரு வீடு வாங்கி, அத வாடகைக்கு விட அனுமதி கேட்டு அலையுறாரு. அவரு பொஞ்சாதியும் ஒன்ன மாதிரியாம்."

"எப்பிடி?"

"நெனச்சா நெனச்சதுதானாம்."

"நல்ல பொம்பளயா இருக்கும். அப்பறம்?"

அப்புறம் என்ன, றவூப் நானா சொன்ன கதையெல்லாம் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போனது. இன்னொன்று ஊற்றித் தந்தாள்.

அடுத்த தடவை வெற்றியோடு திரும்பினேன். "ஜன்னல் தெறக்காத ரூமுக்கு அனுமதி கெடையாதாம்!" மேல் அறை ஜன்னல் மழையில் ஊறிப் புடைத்து, மகன் போனதிலிருந்து திறந்ததே இல்லை.

"உள் பக்கமாத் தெறக்கணுமா, வெளிப் பக்கமாவா?"

"கேக்கலியே."

"என்னாங்க நீங்க, அவ்வளவு தூரம் போயிட்டு! போய்க் கேளுங்க."

கேட்டுவிட்டு வந்தேன். தண்ணித் தாங்கிக்கு மூடி வேண்டும் என்றேன். தகரமா பிளாஸ்டிக்கா என்றாள். மறுபடி போனேன். படிக்கட்டில் கைபிடி வேண்டும் என்றேன். கை பிடிக்க நீங்க இருக்கீங்களே, அது போதாதான்னு கேட்டுட்டு வாங்க என்றாள். இப்படியே பஸ் கண்டக்டருக்கு என் பேர் தெரியும் வரைக்கும் அலைந்தேன். இவளுக்குப் புத்தி மட்டு, அதனால்தான் கேள்வி கேட்கிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கடைசியில் பீ.எச்.ஐ. வந்தார். மேலே ஏறினார். ஜன்னலைப் பார்த்தார். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு விரலால் தள்ளினார். பட்டென்று திறந்துகொண்டது! நான் கந்தோரில் இருந்தபோது அங்கம்மா தச்சு வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டுச் சீவி வைத்திருக்கிறாள். தாங்கிக்கு மூடி, படிக்குக் கைபிடி, எல்லாம் தயார். மனுசன் உளுந்து வடையைச் சாப்பிட்டுவிட்டு, நல்ல வீடு மஹத்தயா என்று சிங்களத்தில் ஐயா போட்டுப் பாராட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை லைசன்ஸ் கைக்கு வந்தது. தடுக்கப் போனவன் கையாலேயே வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதைத் தடுக்க இனி ஒரே ஆள்தான் மிச்சம். சனிக்கிழமை மகன் போனில் வந்தான்.

"தம்பி, ஒன் ரூம வாடகைக்கு விடலாங்கிறா அம்மா."

அவன் கோபிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். என் ரூமை யாரைக் கேட்டு விடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கத்த மாட்டானா?

"விடுங்கப்பா. சும்மாதானே கெடக்கு. அந்தக் கிரிக்கெட் மட்டைய யாராவது பிள்ளைக்குக் குடுத்துருங்க. சரிப்பா, வேலைக்கு நேரமாச்சு."

மேலே போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். திறந்த ஜன்னலால் குளிர்காற்று வந்தது. அழுதேன். இதில் என்ன வெட்கம்? பிள்ளை தூரத்தில் இருப்பதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்த அறை வேண்டாம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். அங்கம்மா குசினியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைய வரச் சொல்லு."

"எந்தப் பிள்ளைய?"

"சிந்துஜாவ."

"அதுக்குக் கெம்பஸ் ஹொஸ்டலே கெடச்சிருச்சே."

"எப்ப?"

"நீங்க மொத தடவ கந்தோருக்குப் போனீங்களே, அந்த வாரத்துலயே."

 "அடிப்பாவி! அப்பறம் என்னாத்துக்கு என்னய நாய் மாதிரி அலைய விட்ட?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போயிட்டு வந்து பேசுனீங்கல்ல. அவன் போனதுல இருந்து நீங்க ஏங்கூடப் பேசவே இல்லங்க. அவன் எனக்கும் மகன்தான். நானும் இங்க ஒத்தயாத்தான் கெடந்தேன்."

 பக்கத்தில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் உரித்தேன்.  வழக்கமான "ம்" தொண்டை வரை வந்துவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள் போல.

"ஏங்க, கோழி வளக்குறதுக்கும் சபையில அனுமதி எடுக்கணுமாமே?"

"நம்ம வீட்டுலதான் கோழியே இல்லியே!"

"வாடகைக்கும்தான் ஆள் இல்ல. அதுக்கு நீங்க போகலியா?"

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கந்தோர் பூட்டு. திங்கட்கிழமைதான் போக வேண்டும்.