டும்புவின் வயிற்றுக்குள் செயலாளர்

டும்புவின் பின்பக்கம் கேற்றுக்குள் இறுகிவிட்டது.

"ஆர் இதை அளந்தது?" என்று சத்தம் போட்டார் தில்லைநாதன்.

அளந்தது அவர்தான்.

டும்பு ஒரு ஊதா நிற நீர்யானை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் போனில் விளையாடும் கேமின் கதாநாயகன். கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வானைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் அதன் முழுநேரத் தொழில். கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு குறுகிய ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் கிறிஸ்து பிறந்த நாளுக்கு வருடாவருடம் நடத்தும் நத்தார் ஊர்வலத்துக்கு இம்முறை பதினைந்தடி டும்பு பலூன்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"நீர்யானைக்கும் நத்தாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளராகத் தில்லைநாதன் ஆட்சேபித்தார். வாக்கெடுப்பு வந்தது. முதல் ஆளாக டும்புவுக்குக் கை தூக்கியது அவருடைய மனைவி சிவமணி.

தோற்றாலும் செயலாளர் செயலாளர்தானே. புறக்கோட்டைக்கு அவரே போய், கூடாரம் தைக்கும் முஸ்அப்பைப் பிடித்து, ரப்பர் பூசிய துணியில் பலூனைத் தைப்பித்தார். மாடிக்குடியிருப்பின் முற்றத்தில் வைத்து ஹீலியமும் அடித்தாகிவிட்டது. இப்போது மணி நாலு. தலை ஒழுங்கையில், உடம்பு முற்றத்தில்.

"எல்லாரும் சேந்து இழுங்கோ. கெதியா!" என்று அவசரப்படுத்தினார்.

இழுத்தார்கள். டர்ர் என்று ஒரு சத்தம். டும்பு வெளியே வந்துவிட்டது. ஆனால் அடிவயிற்றுத் தையலை கேற்றுக் கொளுக்கி கிழித்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கி, மாதக் கடைசிச் சம்பளக்காரனின் முகமாகியது.

"பயப்படாதீங்க ஐயா, டேப் ஒட்டினாச் சரி" என்றார் முஸ்அப்.

ஒட்டினார்கள். போன காஸ் போனதுதான். கொண்டுவந்த சிலிண்டரிலும் மிச்சம் இல்லை. ஆகவே பற்றரியில் ஓடும் காற்றாடி ஒன்றைப் பூட்டி வெறும் காற்றை ஊதினார்கள். டும்பு கொழுத்தது, ஆனால் மிதக்கவில்லை. தலை வேறு முன்னால் கவிழ்ந்து, தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது.

முஸ்அப் தாடையைச் சொறிந்தார். "ஒரே வழிதான். ஒராள் டேப்பைப் பிரிச்சுக் கீழால உள்ளுக்குப் போய், தடியொன்றால தலையை நிமித்திப் புடிச்சிட்டு நடக்கோணும்."

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து சிவமணி கையில் போனுடன் வந்தாள்.

"சயந்தன் எடுக்கிறான். நல்ல நாளும் பெருநாளுமா ஒரு வார்த்தை கதையுங்கோவன்."

மகன் கனடாவில். என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு "படம் கீறப் போறன் அப்பா" என்று அவன் சொன்ன நாளோடு தில்லைநாதன் பேச்சை நிறுத்தியவர். நாலு வருடம். ஞாயிறு தோறும் அவன் போன் எடுக்கையில் அவர் பல்கனிக்குப் போய்ப் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விடுவார். உள்ளே கதை நீண்டால் அவரும் காதைக் கொடுத்தபடி விட்டுக்கொண்டே நிற்பார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை முறைப்பாடு செய்திருக்கிறார்.

"இப்ப நேரமில்லை" என்ற தில்லைநாதன், வேறு போக்கிடம் தெரியாமல், தடியையும் எடுத்துக்கொண்டு டும்புவின் வயிற்றுக்குள் புகுந்துவிட்டார்.

உள்ளே ஒரே ஊதா இருட்டு. ரப்பர் மணம். காற்றாடியின் இரைச்சல். தன் செருப்பும் அரை அடி தார் றோட்டும் மட்டும் தெரிந்தன. தடியை உயர்த்தினார். வெளியே கைதட்டல் கேட்டது. தலை நிமிர்ந்துவிட்டது போலும். நடந்தார்.

காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறியதும் சனம் கத்தத் தொடங்கியது.

"கெதி! கெதி! கெதி!"

'விரைவா நடக்கட்டாம், பின்னாலை பஸ் மறிபட்டு நிக்குதாக்கும்' என்று பதறிய தில்லைநாதன் நடையைக் கூட்டினார். சத்தமும் கூடியது.

"கெதி! கெதி!"

ஓடினார். முன்னால் போன நத்தார் தாத்தா, பதினைந்தடி நீர்யானை தன்னைத் துரத்துவதைக் கண்டு தாடியைக் கையில் பிடித்தபடி ஓடினார். பின்னால் வந்த பாண்ட்காரர்களும் வாத்தியங்களோடு ஓடினார்கள். சனம் சிரித்துச் சிரித்து விழுந்தது. இரண்டு மணித்தியால ஊர்வலம் இருபது நிமிடத்தில் கடற்கரை வீதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கடற்காற்று ஒரு தள்ளுத் தள்ள, டும்பு மல்லாந்து விழுந்தது.

பிரிந்த தையல் வழியே, வேர்வையில் குளித்தபடி தில்லைநாதன் வெளியே தவழ்ந்து வந்தார். சிவமணி ஓடிவந்து சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன் பிள்ளையள், எல்லாரும் சேந்து என்னை இப்பிடி ஓட ஓட அந்தரப்படுத்தினனீங்கள்?" என்று மூச்சிரைத்தார்.

மூன்றாம் மாடிக்குப் போன மாதம்தான் குடிவந்த ஆரணி முன்னால் வந்தாள். பத்து வயது. "உங்களை ஒருத்தரும் அந்தரப்படுத்தேல்ல அங்கிள். கேமில டும்பு கத்துற சொல்லு அது. அதுக்கு அந்த ஒரு சொல்லுத்தான் தெரியும். ஜப்பான் பிள்ளையளும் கெதி கெதி எண்டுதான் கத்துவினம்."

"ஜப்பானிலயோ? எங்கட சொல்லை நீர்யானைக்கு ஆர் பழக்கினது?"

"டும்புவைப் படமாக் கீறினது ஒரு தமிழ் அண்ணாதான் அங்கிள். சின்னனில அவர் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துபோட்டு வானில ஏறிடுவாராம். அவற்ர அப்பா அதைத் தூக்கிக்கொண்டு, கெதி கெதி எண்டு கத்திக்கொண்டு, சந்தி வரைக்கும் பின்னாலை ஓடி வருவாராம். உலகத்திலயே தனக்குப் பிடிச்ச ஆள் அவர்தானாம். பேட்டியில சொன்னவர்."

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். சிவமணி கடலைப் பார்த்தாள்.

"அவருக்குப் பேர் சயந்தன் தில்லைநாதன்" என்றாள் ஆரணி. "உங்கட பேரும் தில்லைநாதன்தானே அங்கிள், அவையளை உங்களுக்குத் தெரியுமோ?"