முன்வரிசைப் பாரம்

உலகத்தைப் படைத்தவர் மட்டக்களப்பு வாவியைப் படைத்தபோது ஒரு பெரிய பிழை விட்டுவிட்டார். மீன் வைத்தார், இறால் வைத்தார், நண்டு வைத்தார். அலை வைக்க மறந்துவிட்டார். இத்தனை தலைமுறை மடையர்களில் ஒருவரும் இந்தக் குறையைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் சுவிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த ரதீஸ்.

செட்டிபாளையத்து வாவிக்கரையில் அவர் "நீர் விளையாட்டு மேம்பாட்டு மன்றம்" தொடங்கினார். வேகப் படகு ஒன்று வந்து இறங்கியது. படகு கயிற்றில் ஒருவனை இழுக்கும். அவன் பலகையில் நின்றபடி படகு கிளப்பும் அலையில் ஏறித் துள்ளுவான். துள்ளி விழுவான். அவ்வளவுதான் விளையாட்டு. துள்ளலுக்குப் பெரிய அலை வேண்டும். பெரிய அலைக்குப் படகின் பின்பக்கம் தாழ வேண்டும். தாழ்வதற்குப் பாரம் வேண்டும். ஆகவே பின்னால் மணல் மூட்டை ஏற்றினார்கள். இரண்டு மூட்டைக்கு அலை முழங்கால் அளவு வந்தது. எட்டு மூட்டைக்கு இடுப்பளவு வந்தது. விஞ்ஞானம் என்றால் சும்மாவா!

இந்த விஞ்ஞானம் விளங்காத ஒரு கிழவர் அங்கே இருந்தார். பெயர் வினாயகமூர்த்தி. வாவியில் கம்பு நட்டு வலை கட்டி, அகப்படுகிற நண்டையும் இறாலையும் விற்றுச் சாப்பிடுகிறவர். சனிக்கிழமை தோறும் அலை வந்து கம்பைப் பிடுங்கி, வலையைப் பந்தாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போனது. வேறு வலை அவரிடம் இல்லை. மன்றத்துக்குப் போனார்.

"தம்பி, உங்கட அலை என்ட வலைய நாசமாக்குது. அங்கால இருநூறு யார் தூரம் தள்ளி ஓட்டுங்களன்."

"பெரியப்பா, அது அலை இல்ல. சுற்றுலா," என்றார் ரதீஸ்.

"சுற்றுலா என்ன, நண்டா? கறி வைக்க ஏலுமா?"

மன்றச் செயலாளர் கனகசிங்கம் குறுக்கே வந்தார். நாற்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் விழாக்கள் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர். "மனு ஒண்டு எழுதித் தாங்க. திறப்பு விழாவில பிரதம அதிதி ஐயா முடிவு சொல்லுவார்."

கிழவர் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

திறப்பு விழா நாளில் பிரதம அதிதி ஒருவர், விசேட அதிதிகள் நான்கு பேர், கௌரவ அதிதிகள் ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் நல்ல பாரமான ஆட்கள். ரதீஸின் முகம் மலர்ந்தது.

"ஐயாமார் பின்னால இருந்தாங்க எண்டா அலை மலை மாதிரி வரும்!"

கனகசிங்கம் ரதீஸை மறித்தார். "அதிதிகளப் பின்னால இருத்துறதா? எந்த ஊரில கண்ட நீ?"

கடைசியில் மூட்டைகள் பின்னாலேயே கிடந்தன. பதினொரு அதிதிகளும் மாலையோடு முன்பக்கத்தில் பதவி வரிசையில் அமர்ந்தார்கள். குத்துவிளக்கும் அங்கேயே ஏறியது.

கரையில் நின்ற வினாயகமூர்த்தி கத்தினார். "இவ்வளவு பேரும் முன்னுக்கு ஏறினா மூக்குக் குத்தும்!"

"பேச்சாளர் பட்டியலில உங்கட பேர் இல்ல," என்றார் கனகசிங்கம்.

படகு பாய்ந்தது. அலை எழும்பியது. கரையில் கைதட்டினார்கள். படம் பிடிப்பவனுக்காகப் படகு திரும்பியபோது, தான் பெற்ற அலையே அதற்கு எதிரே வந்தது. மூக்கு உள்ளே போனது. தண்ணீர் மேலே வந்தது. படகு சேற்றில் அமர்ந்தது.

அந்த இடத்தில் மார்பளவு தண்ணீர்தான். அதிதிகள் எழுந்து நின்றார்கள். அங்கேயும் வரிசை குலையவில்லை என்பதை மன்றத்தின் ஒழுக்கத்துக்குச் சான்றாகச் சொல்ல வேண்டும். அவர்களை ஏற்ற வந்தது ஒரே ஒரு தோணி. வினாயகமூர்த்தியின் தோணி.

"ஐயா, நடுவில குந்துங்க."

"நான் பிரதம அதிதி!"

"முன்னுக்கு இருந்தா திரும்பவும் முதல் ஆளாத் தாழுவீங்க. குந்துங்க."

பிரதம அதிதி நடுவில் குந்தினார்.

"ஐயா, என்ட மனு?"

"கரைக்குப் போனதும் முதல் வேலை அதுதான்."

ஐயா சொன்ன சொல் தவறாதவர். ஏழே நாளில் விசாரணை முடிந்தது. படகு மூழ்கியதற்குக் காரணம், வாவியில் "அனுமதியின்றி நடப்பட்ட கம்புகள்". படகு தாழ்ந்த இடத்திலிருந்து கம்புகள் இருநூறு யார் தூரம் தள்ளி நின்றன. அறிக்கை அந்தத் தூரத்தையும் ஒரே வரியில் கடந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக் கருதிக் கம்புகளையும் வலையையும் மன்றம் பொறுப்பேற்றது. கிழவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த சனிக்கிழமை படகு திரும்பவும் ஓடியது. முன்பக்கம் வெறுமை. அலை ஆளுயரம். பொன்னாடையோடு கரையில் நின்ற வினாயகமூர்த்தி படகின் பின்பக்கத்தைப் பார்த்தார். மூட்டைகள் உடைந்து போனதால் அங்கே வேறு பாரம் கட்டியிருந்தார்கள். அவருடைய கம்புகள். ஈயக் குண்டுகளோடு நனைந்து கிடந்த அவருடைய வலை.

"பெரியப்பா!" ரதீஸ் படகிலிருந்து கூவினார். "இண்டைக்கு அலை எப்பிடி?"

"நல்லாத்தான் கிடக்கு, தம்பி," என்றார் கிழவர். "அடுத்தவன்ட சோத்தப் பின்னால கட்டிக்கொண்டு ஓடுற படகு அலை அடிக்காம வேற என்ன செய்யும்?"