தோடு விழுந்த கவர்

இந்தக் கதையை நான் நம்பவில்லை. இன்று நேற்றல்ல, வருஷக்கணக்காகவே நம்பவில்லை. நம்பாமலேயே வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்திருக்கிறேன். தான் நம்பாத ஒரு விஷயத்துக்கு இவ்வளவு காலம் அடங்கி நடந்த மனிதனை என்னவென்று சொல்வது? எங்கள் வீட்டில் "நல்லவர்" என்கிறார்கள்.

போன மாதம் வரை நான் இயந்திர உதிரி பாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங். கண்ணைக் கட்டி விட்டாலும் எது எந்த ரேக்கில் இருக்கிறது என்று கை தானாகப் போகும். அவ்வளவு பெரிய கிடங்கு என் கட்டுப்பாட்டில் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு அலமாரித் தட்டுகூட என் கட்டுப்பாட்டில் இருந்ததில்லை.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் வீட்டு நடையில் ஒரு சுவர் அலமாரி. மேல்தட்டில் மனைவியின் பாத்திரங்கள். நடுத்தட்டில் மனைவியின் போர்வைகள். அவற்றை நானும் போர்த்திக்கொள்வேன், ஆனால் அவை அவளுடையவை. கீழ்த்தட்டு கவர்களுடையது.

மளிகைக் கடை, காய்கறிக் கடை, மருந்துக் கடை, செருப்புக் கடை என்று எங்கிருந்தோ வந்து சேரும் பிளாஸ்டிக் கவர்கள். உள்ளே வந்த கவர் எதுவும் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. கிடங்கில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று உண்டு. இங்கே வரவு உண்டு, இருப்பு உண்டு. செலவு மட்டும் கிடையாது. கவருக்குள் கவர், அதற்குள் கவர், அதற்குள்ளும் கவர். அலமாரிக் கதவைத் திறந்தால் எல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு காலில் வந்து விழும். அந்த வீட்டில் என் காலில் விழுந்தவை அவை மட்டும்தான்.

பெண்களைக் கவர்ந்த ஆண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் மனைவியைக் கவர்ந்தது கவர்தான். ஒருநாள் துணிந்து சொன்னேன்.

"பை மேல வெக்கிற பாசத்துக்குத்தான் பைத்தியம்னு பேரு வெச்சிருக்கான்."

"அப்படிப் பாத்தா எனக்கு உங்க மேலதான் பைத்தியம் பிடிச்சிருக்கணும். உங்க தொப்பையும் பைதானே?"

அதன் பிறகு வீட்டில் சிலேடை பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

என் சாமான்கள் எங்கே இருந்தன என்று கேட்பீர்கள். கட்டிலுக்கு அடியில். ஒரு டூல் பாக்ஸ், ஸ்க்ரூ போட்டு வைத்த தகர டப்பாக்கள், பிரித்துப் போட்டு இன்னும் சேர்க்காத ஒரு மேசைக் கடிகாரம். எது வேண்டுமானாலும் தரையில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட வேண்டும். அந்த நேரத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களை என் கால்கள்தான் வரவேற்கும். நான் சொத்துக் கேட்கவில்லை. குனிந்தால் கிடைக்கும் உயரத்தில் ஒரு தட்டுக் கேட்டேன். படுக்காமல் குனிந்தால் போதும் என்கிற அளவுக்கு ஒரு மரியாதை.

சந்தர்ப்பம் தானாக வந்தது. அவள் தங்கை வீடு மாறினாள். சாமான் கட்டிக் கொடுக்க இவள் போனாள். துணைக்குக் கொஞ்சம் கவர்களும் போயின, அத்தனையையும் திருப்பிக் கொண்டு வந்துவிடுவேன் என்ற உறுதிமொழியோடு. அன்று சாயங்காலமே நான் புரட்சி செய்தேன். கீழ்த்தட்டில் இருந்த கவர்கள் அனைத்தையும் ஒரு பழைய தலையணை உறையில் திணித்து, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயைக் கட்டி, மறுநாள் வேலைக்குப் போகும்போது மாடிப்படிக்குக் கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அங்கே இல்லை. டூல் பாக்ஸைத் தட்டில் வைத்தேன். டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கினேன். கதவை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். காலில் எதுவும் விழவில்லை.

அவள் வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அலமாரியைத்தான் முதலில் திறந்தாள்.

"இது என்ன?"

"டூல் பாக்ஸ்."

"அது தெரியுது. என் கவரெல்லாம் எங்க?"

"போட்டாச்சு."

"எங்க போட்டாச்சு?"

"குப்பையில."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மருந்துக் கடை கவர் ஒண்ணு இருந்துச்சே, பச்சைக் கோடு போட்டது. அதுவுமா?"

"எல்லாம்தான். இதுல பச்சை என்ன, மஞ்சள் என்ன?"

"அதுக்குள்ள ஒரு கவர். அதுக்குள்ள இன்னொரு கவர். அதுக்குள்ளதான் என் தோடு இருந்துச்சு."

டூல் பாக்ஸை நகர்த்தி அதன் பின்னால் பார்த்தேன்.

"தங்கத் தோட்டைப் போய் யாராவது கவர்ல வெப்பாங்களா?"

"பீரோல வெச்சா திருடன் எடுப்பான். கவர்ல வெச்சா எந்தத் திருடனும் தொட மாட்டான். நீங்க தொடுவீங்கன்னு நான் கண்டேனா?"

"இன்னொரு தோடு?"

"அது பீரோல இருக்கு."

"அதை மட்டும் எதுக்குப் பீரோல வெச்ச?"

"ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சா ரெண்டும் சேந்து போயிடாதா? ஸ்டோர் கீப்பருக்கு இதுகூடவா தெரியாது?"

அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகப் பட்டது. என்னைப் பற்றி நினைத்தால் எனக்கே பயமாக இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

"நட, போய்த் தேடுவோம்," என்றேன்.

"நீங்க வேண்டாம். தூக்கிப் போடறது உங்க வேலை. தேடி எடுக்கறது எப்பவும் என் வேலைதானே."

போய்விட்டாள். நான் பால்கனியில் நின்றேன். மனைவியின் காதைப் பறித்துக் குப்பையில் எறிந்தவனைப் போல நின்றேன். இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். இடுப்பில் தலையணை உறை, குழந்தை மாதிரி. வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் தோடு.

எங்கள் தெருவில் குப்பை வண்டி தள்ளி வரும் அம்மாவுக்கு விசிலம்மா என்று பெயர். தெருமுனையிலேயே விசில் ஊதிவிடுவார். அவர் சொன்னதாக என் மனைவி சொன்னதுதான் நான் நம்பாத அந்தக் கதை.

"அவங்க கொட்டவே இல்லையாம். 'வீட்டம்மா ஊர்ல இல்லாதப்ப வீட்டுக்காரர் போடற மூட்டையை நான் உடனே கொட்ட மாட்டேன்மா. எத்தனை வீட்டைப் பாத்திருக்கேன்'னு சொல்றாங்க. அவங்க வீட்டு வாசல்ல மண்ணுலயே உக்காந்து ரெண்டு பேருமா ஒவ்வொண்ணா உதறுனோம். பச்சைக் கோடு கவரை அவங்க உதறுனப்ப 'டிங்'குனு விழுந்துச்சு பாருங்க!"

அந்த 'டிங்'கோடு என் ஆட்சி முடிந்தது. டூல் பாக்ஸ் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கவர்கள் தட்டுக்குத் திரும்பின. தங்கை வீட்டுக்குப் போனதைவிட அதிகமாகவே அங்கிருந்து வந்து சேர்ந்தன. இனி ஒரு கவரையும் தூக்கிப் போடக் கூடாது என்பது சட்டம். கலைத்தவரே அடுக்கட்டும் என்பது தண்டனை. நான் ஒவ்வொரு கவரையும் நீவி, நீளவாக்கில் மடித்து, முக்கோணமாகச் சுருட்டி அடுக்கினேன். தொழில் புத்தி போகுமா? அடுக்கியது அழகாக இருந்தது. அதுதான் என் கேடு. "எங்க வீட்டுக்காரர் கை பட்டா கவர்கூடக் கண்ணாடிப் பெட்டியில வெக்கிற மாதிரி ஆயிடும்," என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமை பேச, அடுத்த வாரம் அக்கம்பக்கத்துக் கவர்களும் மடிப்புக்கு வந்தன.

சந்தேகம் எப்போது வந்தது? கிடங்கில் ஒருநாள் என் கையிலிருந்து ஒரு வாஷர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. டிங். வாசலில் மண்ணில் விழுந்தால் டிங் என்று கேட்குமா? அன்றே வெளியே போய் மண்ணில் வாஷரைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. போல்ட்டைப் போட்டேன். தொப். எவ்வளவு கனமான சாமானைப் போட்டாலும் மண்ணில் டிங் வரவில்லை. காவலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கவனித்தால், அவள் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப் பச்சைக் கோடு நீலக் கோடாகிக்கொண்டிருந்தது.

அப்போதே கேட்டிருக்கலாம். விசிலம்மா வருவது நான் வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் லீவு போட்டால் தீர்ந்திருக்கும். போடவில்லை. உண்மை தெரிய வேண்டும் என்று தவித்த மனிதன் ஏன் லீவு போடவில்லை? இதைத்தான் திரும்பத் திரும்ப என்னை நானே கேட்டிருக்கிறேன். கிடைத்த பதில்கள் எதுவும் வெளியே சொல்லும்படி இல்லை.

போன மாதம் ரிட்டையர் ஆனேன். மேசை இழுப்பறையில் இருந்த என் சாமான்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அதை வாங்கிக் கட்டிலில் கொட்டினாள். கவரை உதறி என்னிடம் நீட்டினாள், மடிக்க. என் இத்தனை வருஷ உத்தியோகம் கட்டிலில் இடமில்லாமல் கிடந்தது. அது வந்த கவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

அன்று முடிவு செய்தேன். தோடு பொய்யென்றால் சட்டம் பொய். சட்டம் பொய்யென்றால் தட்டு என்னுடையது. மறுநாள் காலையில் தெருமுனையில் விசில் கேட்டது. செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விசிலம்மாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"என்ன விஷயம்?"

"தோடு விஷயம்."

கத்தி நிற்கவில்லை.

"கேளுங்க."

"நெஜமாவே கேக்கப் போறேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். போய்க் கேளுங்க. ஆமா, விழுந்துச்சுன்னு அவங்க சொல்லிட்டா, இத்தனை வருஷமும் என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டே என் கையால சாப்பிட்டிருக்கீங்கன்னு ஆகும். அப்பறம் என் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"விழலைன்னு சொன்னா?"

"அப்போ நான் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன். தட்டை நீங்களே எடுத்துக்குங்க. டூல் பாக்ஸை நடுவுல வெச்சு அதோட குடும்பம் நடத்துங்க."

"நீயே இப்ப சொல்லிடேன். எதுக்கு ஊராரைக் கேக்கணும்?"

"நான் அப்பவே சொல்லிட்டேனே."

படி இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. பொய் என்றால், ஒரு தட்டுக் கவருக்காக என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாள் என்று ஆகும். நான் அவளுக்கு ஒரு தட்டுக் கவர் அளவுகூடப் பெறாதவன் என்று அர்த்தம். நிஜம் என்றால், இவ்வளவு காலம் மண்ணில் போல்ட்டைப் போட்டுப் பார்க்கிற கேவலமான புத்தியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டில் எனக்கு எது வேண்டும்?

விசிலம்மா வண்டியை நிறுத்தினார். தலை நன்றாக நரைத்திருந்தது. கை உறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"என்ன சார், ரிட்டையர் ஆயிட்டீங்களாமே? அம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு..."

"கேளுங்க சார்."

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பால்கனியில் அவள் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அந்தத் துண்டு நேற்றே காய்ந்துவிட்டது. காய்ந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பயம் கவருக்காகவா, எனக்காகவா என்று கீழே இருந்து தெரியவில்லை.

"சொல்லுங்க சார், அடுத்த தெருவுக்குப் போகணும்," என்றார் விசிலம்மா. "ஆங், மறந்தே போயிட்டேன். உங்ககிட்ட ஒரு கவர் கெடைக்குமா? காலையில இருந்து என் சாப்பாட்டு டப்பா ஒழுகிக்கிட்டே இருக்கு."

இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கேள்விக்காக வாயைத் திறந்தேன்.

"என்ன சைஸ்மா வேணும்?"