ஆற்றில் ஊறிய நரம்பு

பயம் வந்தால் எதையாவது எண்ணத் தொடங்கிவிடுவேன். நூல் ஆலையில், மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று எண்ணிக் குறிக்கும் உத்தியோகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்ததால், அந்த வியாதி முற்றிவிட்டது. (பந்தியில் அடுத்தவர் இலை இட்லியையும் எண்ணுவேன். என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.)

போன மார்கழியில் கால் விரல்கள் மரத்துப்போயின. பத்தில் ஏழு. நரம்பில் மின்சாரம் என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சென்னையிலிருந்து மகன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"எப்பா, ரிசல்ட் சரியில்லன்னா தச்சநல்லூர் வீட்டப் பூட்டிட்டு இங்க வந்திருங்க. ஒத்தையில இருந்தது போதும்."

அவன் இருப்பது பதினாலாவது மாடி. எனக்கு அங்கே எண்ணுவதற்கு மேகம்தான் உண்டு.

தோலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது என்று சீட்டில் போட்டிருந்தது. பரிசோதனை திங்கட்கிழமை, நானோ சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தவன். விடுவேனா? திங்கள் விடிந்ததும் வண்ணார்பேட்டைப் படித்துறையில் காலைத் தண்ணீருக்குள் விட்டபடி ஐம்பது நிமிடம் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். ஈர வேட்டியோடு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து. அங்கே ஏசி அறையில் நாற்பது நிமிடம் காத்திருப்பு.

டாக்டரம்மா ஏதோ ஒரு கருவியை முழங்காலுக்குக் கீழே வைத்துச் சுண்டினார். நான் ஒன்றுமே செய்யவில்லை. பாதம் தானாகத் துள்ளியது. (காலின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்.) திரையில் ஒரு சின்ன மலை எழுந்து இறங்கியது.

"வயர்ல கரண்டு ஓடுத மாதிரி இல்ல ஐயா இது. நரம்போட தோல்ல பொடிப்பொடியா வாசல் இருக்கு. ஒண்ணு திறந்தா சோடியம் உள்ள பாயும். அந்த வேகத்துல அடுத்த வாசல் திறக்கும். பின்னாலயே பொட்டாசியம் வெளிய போயி, பழைய நிலைக்கு வந்திரும்."

"எத்தனை வாசல்?"

"எண்ணி முடியாது ஐயா."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வராதது அதுவே முதல்முறை.

பிறகு அவர் புருவம் சுருங்கியது. "செகண்டுக்கு முப்பத்துநாலு மீட்டர். நாப்பதுக்கு மேல வேணுமே." என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவர், விறுவிறுவென்று வெளியே போனார்.

அந்த ஆறு நிமிடத்தில் என் வாழ்க்கையை முடித்துவைத்தேன். மகனைக் கூப்பிட்டு, "ஏலே, வீட்டப் பூட்டிருதேன். டிக்கெட் போடு" என்றேன். வெளியே இருந்த சுடலைமுத்துவை அழைத்து ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்தேன்.

"இனி எனக்கு எதுக்கு வே? நீரே ஓட்டும்."

"அம்புட்டு மோசமா அண்ணாச்சி?" என்று கண் கலங்கினார். "டேங்குல பெட்ரோல் கெடக்கா?" என்றும் கேட்டார். கிளம்பியும் விட்டார்.

டாக்டரம்மா வெந்நீர்ப் பையோடு திரும்பி வந்தார்.

"கால் ஐஸ்கட்டியா இருக்கு. எங்கன கொண்டு வச்சீங்க?"

"ஆத்துல. அம்பது நிமிஷம்." (பெருமையாகத்தான் சொன்னேன்.)

அவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. "குளிர்ந்தா அந்த வாசலெல்லாம் பையத்தான் திறக்கும் ஐயா!"

அரை மணி நேரம் சூடேற்றி மறுபடி அளந்தார். நாற்பத்துநான்கு. மரத்துப்போனதற்குக் காரணம் செருப்பு வாரின் இறுக்கமாம்.

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு நூற்றைம்பத்தெட்டு கிலோமீட்டர். பாபநாசம் பஸ் கனவில்கூடப் போகாத வேகம். பிறந்த நாளிலிருந்து எனக்குள் அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அறுந்த இழைகளை நான் எண்ணியதே அந்த வாசல்கள் திறந்ததால்தானே? கொஞ்ச நேரம் என் காலையே கும்பிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன். அதற்குள் மகன் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான், பத்தொன்பது போன். ஸ்கூட்டர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது, காலி டேங்கோடு. வீடு பூட்டப்படவில்லை.

போன மாதம் பேத்திக்குக் கணக்கில் முப்பத்துநான்கு மார்க். மகன் என்னோடு போனில் பேசியபடியே அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் போனைப் பிடுங்கி என்னிடம் சொன்னாள்: "தாத்தா, பரீட்சை அன்னைக்குக் கால் குளிர்ந்திருந்துச்சு. வெந்நீர்ல வச்சிட்டு மறுபடி எழுதறேன்."