இரண்டு நாற்காலி ஆடிட்டர்

தனக்குத்தானே கடிதம் எழுதி, தானே பதில் போட்டு, அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்று தன்மீதே கோபித்துக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் நான் கணக்கெழுதிய உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அவர் ஆடிட்டர். பட்டறை ஆட்கள் மராத்தியில் ‘தோன் குர்ச்சி சாகேப்’ என்பார்கள். இரண்டு நாற்காலி ஐயா.

எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு ஃபீஸ், தொழிலுக்கு யோசனை சொல்ல ஒரு ஃபீஸ் என்று இவருக்கு இரண்டு கொடுத்தார். இரண்டும் கலந்துவிடக் கூடாதென்று ஆடிட்டர் முதலாளி அறையில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். இடது பக்கம் தணிக்கை, வலது பக்கம் யோசனை. இடதில் இருக்கும்போது, “புது லேத் வாங்கலாமுங்களா?” என்று கேட்டால், எழுந்து மேஜையைச் சுற்றிப் போய் வலதில் உட்கார்ந்து, “இப்ப கேளுங்க” என்பார். இடது நாற்காலி பச்சைத் தண்ணீர்கூடத் தொடாது. வலது நாற்காலிக்கு இரண்டு வடாபாவ், இரண்டு டீ.

முதலாளிக்கு வலதின்மேல்தான் பிரியம். “குத்தம் கண்டுபுடிக்கறதுக்கு நான் எதுக்குங்க காசு தரோணும்?” என்று தணிக்கை ஃபீஸை வருஷா வருஷம் குறைப்பார். குறைத்ததற்கு மேலாகவே யோசனையில் ஏற்றுவார். தொண்ணூறுகளின் நடுவில் வலது நாற்காலி இடதைப்போல் நாலு மடங்கு சம்பாதித்தது.

“ரெண்டும் ஒரே பாக்கெட்டுக்குத்தானுங்க போவுது” என்று சிரிப்பார் முதலாளி. ஆடிட்டர் தன் சட்டையைக் காட்டுவார். நிஜமாகவே இரண்டு பாக்கெட் வைத்துத் தைத்திருந்தார்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. சரக்குக் கணக்கை அதில் ஏற்ற வலது நாற்காலி திட்டம் போட்டுக் கொடுத்தது. நான் அட்சரம் பிசகாமல் ஏற்றினேன். வருஷக் கடைசியில் கிடங்கில் எண்ணினால், கம்ப்யூட்டர் சொன்னதைவிட புஷ் என்கிற இரும்பு வளையம் நாலாயிரம் குறைவு.

“மிஷின் திருடாதுங்க” என்று முதலாளி என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கடன் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனைவிக்கு ஏழாவது மாதம்.

இடது நாற்காலி மூன்று நாள் டீகூட இல்லாமல் தோண்டியது. ஆகுர்டியில் சரக்கு வாங்கியவர்கள் பழுதென்று திருப்பி அனுப்பியவை பழைய இரும்புக்குப் போயிருந்தன. கம்ப்யூட்டரோ அவற்றை நல்ல சரக்காகவே ஏற்றி வைத்திருந்தது. அப்படி ஏற்றச் சொன்னது வலது நாற்காலி.

ஆடிட்டர் இடதில் இருந்தபடி ஒரு கடிதம் எழுதினார்: ‘தங்கள் திட்டத்தில் பிழை உள்ளது. விளக்கம் தேவை.’ எழுந்து வலதுக்குப் போய் அதைப் பிரித்துப் படித்தார். முகம் சுருங்கியது. டீ வரவழைத்துக் குடித்துவிட்டு, ‘கவனக்குறைவு. வருந்துகிறேன்’ என்று பதில் எழுதினார். திரும்ப இடதுக்கு வந்து அதைப் படித்தார்.

“வருந்தினாப் போதுமா? நல்லா இருக்கே” என்று முணுமுணுத்தார்.

முதலாளி குழைந்தார். “ஆடிட்டரே, உங்களை நீங்களே காட்டிக் குடுக்கறீங்க. கணக்குப்புள்ள மேல போட்டுட்டா முடிஞ்சுதுங்க. யோசனை ஃபீஸை டபுளாக்கிடறேன்.”

“அந்த நாற்காலிக்குத்தானே? இங்க உக்காந்தா எனக்கு அது காதுல விழாது.”

தவறு யோசனை சொன்னவருடையது, கணக்கர்மேல் குற்றமில்லை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யோசனை ஃபீஸ் அன்றே நின்றது. அடுத்த வருஷத் தணிக்கைக்கும் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வந்தவருக்கு ஒரே நாற்காலி, குஷன் வைத்தது.

பல வருஷம் கழித்து நான் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். தணிக்கை செய்பவரே யோசனையும் விற்கலாமா என்று அங்கே ஏசி அறையில் நாள் முழுக்க விவாதித்தார்கள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டே நாற்காலி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆடிட்டர் எங்கள் தொழிற்சாலையிலிருந்து கடைசியாகக் கிளம்பிய அன்று நன்றி சொல்லப் போனேன். “இடது நாற்காலி நன்றி வாங்கக் கூடாது தம்பி. வலது நாற்காலி உங்களை மாட்டிவிட்ட ஆளு” என்றார்.

கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நாற்காலியே கிடையாது. நின்றபடி இரண்டு கிளாஸ் குடித்தார். நான் காசு கொடுத்தபோது தடுக்கவில்லை. பூனாவில் இத்தனை வருஷத்தில் எனக்கு அவரைப்போல் பிடித்துப்போன மனிதர் வேறு யாருமில்லை.