நெய்வேலி, புதுச்சேரி மாநிலம்

"வரி ரெண்டா வரணுமா, ஒண்ணா வரணுமா? அத மட்டும் சொல்லும்மா," என்றார் துரைராஜ், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடி.

தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயமெல்லாம் இல்லை. மரியாதைதான். ஜிஎஸ்டி பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கூடவே ஆபீசுக்கு இந்தப் புது சாஃப்ட்வேரும் வந்து சேர்ந்தது. பொருளையும் விலையையும் அடித்தால் போதும், பதினெட்டு சதவீத வரியை அதுவே கணக்குப் போட்டு, மத்திய அரசுக்கு ஒன்பது, மாநில அரசுக்கு ஒன்பது என்று பிரித்துக் காட்டிவிடும்.

"அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாலே மண்ட ஒடையுது. ரெண்டு அரசாங்கம், ஒரு சத்தமில்லாம பாதிப் பாதி பிரிச்சிக்குது பாரேன்!"

சத்யப்பிரியா சிரித்தாள். முதலாளியின் அக்கா மகள். பி.காம். முடித்துவிட்டுப் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"நம்ம மாநிலத்துக் கடைன்னாதான் சார் ரெண்டா பிரியும். வேற மாநிலம்னா ஐஜிஎஸ்டி, பதினெட்டும் ஒரே வரியில வந்துரும். இது பாண்டி டிரேடர்ஸ். பாண்டி வேற மாநிலமாச்சே."

"பாண்டி வேற மாநிலமா? எம் மச்சான் மாசத்துக்கு நாலு தரம் போய்ட்டு வராரேம்மா!"

"அவரு போறதே அது வேற மாநிலம்ங்கறதாலதான் சார்."

துரைராஜ் தலையை ஆட்டிக்கொண்டார். சாதாரண நாளாக இருந்தால் இதற்கு அரை மணி நேரம் சிரித்திருப்பார். இன்றைக்கு நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளி குழந்தைவேல் லிக்னைட் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். காலையில் கடலூருக்குக் கிளம்பும்போது ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பாருய்யா துரைராஜு. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு நம்ம ஆளுங்க இருபத்து நாலு பேருக்கும் கால்ல ரப்பர் கம்பூட் இல்லன்னா மைன்ஸ் கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. யாரோ சிநேகிதரு குடுத்த நம்பரு இது, பாண்டி டிரேடர்ஸாம். வரிய சரியா போட்டு ஆர்டர் அனுப்பு. இந்த ஒரு ஆர்டர் ஒழுங்கா போச்சுன்னா சீட்டு உனக்கு. பெசகுச்சு, ப்ரியா உக்காரும். நீ குடோன்ல மம்புட்டி எண்ணிகினு இரு."

பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்த நாற்காலி.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். மாநிலத்த மாத்துங்க, வரி தானா மாறிடும்," என்று சொல்லிவிட்டு சத்யப்பிரியா பேங்குக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது கடையின் மாநிலத்தை. துரைராஜின் கண்ணில் முதலில் பட்டதோ சொந்தக் கம்பெனியின் விவரப் பக்கம். அதிலும் 'மாநிலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ்நாட்டை எடுத்துவிட்டுப் புதுச்சேரியைப் போட்டார்.

ஆர்டருக்குத் திரும்பிப் பார்த்தால், ஐஜிஎஸ்டி பதினெட்டு! ஒரே வரி!

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி பாண்டியில், மாநிலம் மாற்றாமல் விட்ட கடை தமிழ்நாட்டில் என்று அது நம்பிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாநிலம்தானே.

துரைராஜுக்குப் புல்லரித்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஆர்டரை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். பாண்டி டிரேடர்ஸிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது.

அந்த உற்சாகத்திலேயே பண்ருட்டி காந்திமதி ஹார்டுவேர்ஸுக்கு மாதாமாதம் போகிற நட்டு, போல்ட்டு ஆர்டரையும் அடித்து அனுப்பினார். ஐந்தாவது நிமிஷம் கடைக்காரம்மா காந்திமதியே லைனில் வந்துவிட்டார்.

"ஏங்க துரைராஜு, நீங்களும் நானும் எப்பங்க வேற வேற மாநிலமானோம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!"

"என்னங்க சொல்றீங்க?"

"ஐஜிஎஸ்டி போட்டு அனுப்பிகினு இருக்கீங்களே!"

"மொத்தம் அதே பதினெட்டுதானேங்க?"

"மொத்தம் அதேதான். போய் விழற பெட்டி வேறயாச்சே! எங்க ஆடிட்டரு என்னத்தான் புடிச்சி உலுக்குவாரு."

துரைராஜ் யோசித்தார். மாநிலத்தை மாற்றினால் வரி தானாக மாறும். அந்த மந்திரம்தான் இப்போது கையில் இருக்கிறதே! இந்த முறை காந்திமதி ஹார்டுவேர்ஸின் பக்கத்தையே சரியாகத் திறந்து, அங்கேயும் புதுச்சேரி என்று போட்டார். ஆகா! வரி மறுபடியும் ஒன்பது, ஒன்பது என்று இரண்டாகப் பிரிந்து நின்றது.

பத்து நிமிஷத்தில் மறுபடியும் போன்.

"ஏங்க, இப்ப வரியெல்லாம் சரியாத்தான் இருக்குது. மேல எங்க அட்ரஸ்ல 'பண்ருட்டி, புதுச்சேரி மாநிலம்'னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க?"

"அது... கம்ப்யூட்டர் அப்படித்தாங்க போடும்."

"எங்க வூட்டுக்காரரு அத கையில வெச்சிகினு குதிக்கறாருங்க. அப்ப இனிமே பாண்டி ரேட்டுக்கு சரக்கு நம்ம பஸ் ஸ்டாண்டுலயே கெடைக்குமான்னு கேக்கறாரு. நான் என்னன்னு பதில் சொல்ல?"

சமாதானம் சொல்லி வைப்பதற்குள் துரைராஜுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் வழி தெரிந்துவிட்டதே! விருத்தாசலத்துக் கயிற்றுக் கடைக்கும் ஒரே வரி வந்தது. விருத்தாசலத்தைத் தூக்கிப் புதுச்சேரியில் வைத்தார். கடலூர் ஹெல்மெட் கடை? கடலூரும் போனது. சிதம்பரத்துத் தார்ப்பாய்க்காரர் எதிர்க்கட்சி பேசக்கூடியவர். அவர் போன் செய்வதற்கு முன்னாலேயே சிதம்பரத்தை அனுப்பிவிட்டார்.

தான் செய்ததைத் தானே பார்த்து மலைத்துப்போனார். ஒரு ஊரை ஒரு மாநிலத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்க எத்தனை போராட்டம், எத்தனை கமிஷன்! இங்கே ஆள்காட்டி விரல் ஒன்று போதுமாயிருந்தது.

நாலு மணிக்குச் சத்யப்பிரியா திரும்பி வந்தாள். ஆர்டர்களைப் பார்த்தாள். கடைகளின் பட்டியலைப் பார்த்தாள். கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"சார், நெய்வேலி எப்ப சார் பாண்டிக்குப் போச்சு?"

"நெய்வேலியா?"

"நம்ம கம்பெனியோட மாநிலத்த மாத்தி வெச்சிருக்கீங்க சார்."

துரைராஜ் மெதுவாக உட்கார்ந்தார்.

"மொத்த நெய்வேலியுமாம்மா? மைன்ஸோடவா?"

"மைன்ஸோடவா!" என்று வாசலிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. குழந்தைவேல் வந்து நின்றிருந்தார்.

சத்யப்பிரியா நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவருக்குக் கோபத்தைவிட பிரமிப்புதான் அதிகமானது.

"பாண்டியில அத்தன வருஷம் ஃப்ரெஞ்சுக்காரன் ஒக்காந்திருந்தான். அவன்கூட ஒரே மத்தியானத்துல இத்தன ஊர புடிச்சிருக்க மாட்டான்யா!"

"அய்யா, வேணும்னு செய்யலிங்க..."

"வேணும்னு வேற செய்வியா? ப்ரியா, எல்லா ஊரையும் திருப்பிக் கொண்டா. அந்தப் பாண்டி டிரேடர்ஸ் ஆர்டர் என்னாச்சு? அத சொல்லு."

அவள் திறந்து பார்த்தாள். துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது ஐஜிஎஸ்டிதான் மாமா. எப்படியோ, அது மட்டும் சரியா வந்திருக்குது."

குழந்தைவேல் துரைராஜ் பக்கம் திரும்பினார்.

"தமிழ்நாட்டுல பாதிய தாரவாத்துட்டு, நான் சொன்ன ஒரு ஆர்டர மட்டும் சரியா போட்டிருக்கியேய்யா! சொன்ன வார்த்தைய மாத்த மாட்டேன். சீட்டு உனக்குத்தான்."

துரைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் கிணுகிணுத்தது. பாண்டி டிரேடர்ஸ்! 'கம்பூட் லோடு ஏத்தியாச்சு, வண்டி கிளம்பிடுச்சு.'

இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே லோடு ஆட்டோ ஒன்று வந்து ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால், முழுக்கக் கம்பூட் மூட்டை.

"பாண்டியிலேர்ந்து இருபது நிமிஷமா!" என்று சத்யப்பிரியா வாயைப் பிளந்தாள்.

"ஜிஎஸ்டி வந்ததும் செக்போஸ்ட்டயெல்லாம் எடுத்துட்டாங்கல்ல," என்றார் குழந்தைவேல், பெருமூச்சோடு. "இனிமே எல்லாமே இப்படித்தான். நம்ம காலத்துலயே பாத்துட்டோம்."

மூவரும் கீழே இறங்கிப் போனார்கள். டிரைவர் சின்னதுரை, வேட்டியை மடித்துக் கட்டியபடி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். துரைராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பாண்டியிலேர்ந்து எந்த வழியாண்ணே இவ்ளோ சுருக்கா வந்தீங்க?"

சின்னதுரை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எங்கங்க பாண்டிக்குப் போனேன்? பாண்டிங்கறது எங்க மொதலாளி பேருங்க, மதுரக்காரரு; கடை இங்கதான், முத்தாண்டிக்குப்பத்துல இருக்குது."