இரண்டாவது கூ

ஒரு காட்டில் ஒரு குயில் இருந்தது என்று ஆரம்பித்தால் அந்தக் குயிலுக்குக் கோபம் வந்துவிடும். ஒரு காட்டில் ஒரு இசைமேதை இருந்தார் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். சரி, அவர் ஆசையைக் கெடுப்பானேன், அப்படியே வைத்துக்கொள்வோம். அவர் பெயர் ஏகாந்தன். அது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். சின்ன வயதில் வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தக் காட்டில் வருஷா வருஷம் மாமரம் பூத்ததும் மாம்பூத் திருவிழா நடக்கும். முதல் பாட்டு எப்போதும் ஏகாந்தனுடையது. அவர் கிளை ஏறுவதற்கு முன்னால் ஒரு கிளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெற்றவள் யாரென்று அறியாதவர், வளர்த்தவளால் விரட்டப்பட்டவர், சோகத்தையே சோறாகச் சாப்பிட்டு வளர்ந்தவர் என்று அறிமுகம் செய்யும். முயல்கள் அதிலேயே பாதி அழுதுவிடும். பிறகு ஏகாந்தன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ‘கூ’ போடுவார். கொஞ்சம் நிறுத்துவார். அதைவிட ஒரு பிடி உயரத்தில் இன்னொரு ‘கூ’ போடுவார். மீதி அழுகையெல்லாம் அந்த இரண்டாவது கூவுக்குத்தான். முள்ளம்பன்றிகூட மூக்கைச் சிந்தும்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது அந்த இரண்டாவது கூ வராமல் போய்விட்டது. முதல் கூ ஜோராக வந்தது. இரண்டாவதுக்கு வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். தேன் குடித்துப் பார்த்தார். மிளகு மென்று பார்த்தார். கிளையை மாற்றி, திசையை மாற்றி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் கரடி ஒருநாள் ஒத்திகை கேட்க வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு கூன்னா அது பாட்டு மாதிரி இல்லீங்க, யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு” என்றார். திருவிழாவுக்குள் சரியாகாவிட்டால் முதல் பாட்டை அக்காக்குருவிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காக்குருவியாம். நாள் பூராவும் ‘அக்கா அக்கா’ என்று ஒரே வார்த்தையைக் கத்துகிற பறவை. அதற்கு நிஜமாகவே மூன்று அக்காக்கள். மூன்று பேரும் பக்கத்து மரத்தில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள். அதற்கு என்ன சோகம் வேண்டிக் கிடக்கிறது? ஏகாந்தனுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்தது. பாட்டை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? கூடு கட்டத் தெரியாது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தர் இல்லை. அந்த இரண்டு கூவும்தான் அவருக்கு இருந்தது, அதிலும் ஒன்று போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் குளத்துக்கரைக்குப் போகச் சொல்லி ஒரு மரங்கொத்தி யோசனை சொன்னது. அங்கே ‘படைப்பாளிகள் மனநல ஆலோசனை நிலையம்’ என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே, அதாவது இடுப்பளவு தண்ணீருக்குள், டாக்டர் மந்தாகினி படுத்திருந்தார். எருமை. இந்தத் தொழிலுக்கு அந்த அம்மாவை விட்டால் ஆள் கிடையாது என்பது காட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மனசில் போட்டு அமுக்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோட்டால் தீராத கஷ்டம் கிடையாது என்பது அவருடைய சிகிச்சை முறை. அசைபோடுவதில் பரம்பரை அனுபவம். போதாததற்கு, யார் என்ன சொன்னாலும் “ம்ம்ம்ம்” என்பார். எருமைக்கு வேறு சத்தம் வராது என்பது வேறு விஷயம். ஆனால் வந்தவர்கள் எல்லாம், இப்படி நம்மை யாரும் இதுவரை புரிந்துகொண்டதில்லை என்று கண் கலங்கிப் போனார்கள்.

ஏகாந்தன் போனபோது வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு சிலந்தி, வலையில் ஒரு கட்டம் கோணல் என்று பதினோராவது தடவையாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் பட்டினியோடு வந்திருந்தது. ஒரு மின்மினி, தனக்குள் வெளிச்சமே இல்லை என்று மினுக்கி மினுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு நடுவில் தானா என்று ஏகாந்தன் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

முதலில் படிவம். தாமரை இலையில் அச்சடித்தது. உங்கள் சிரமம் எது, டிக் செய்யவும் என்று கேட்டிருந்தது: கற்பனை வரவில்லை, கற்பனை வருகிறது, யாரும் கேட்பதில்லை, அடுத்தவருடையதை எல்லோரும் கேட்கிறார்கள். ஏகாந்தன் ரொம்ப நேரம் யோசித்து நான்கையும் டிக் செய்தார். தாயின் பெயர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். வீட்டில் கூப்பிடும் பெயர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.

“கவலைப்படாம பேசுங்க. இங்க பேசுறது இங்கயே இருக்கும். ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது” என்றார் மந்தாகினி.

ஏகாந்தன் நிமிர்ந்து பார்த்தார். டாக்டரின் காதில் நாற்பது ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. முதுகில் ஒரு வயசான காகம் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாவம், அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும் என்றார் டாக்டர். காகத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் ஏகாந்தனுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. அதனால் அவரும் சரி என்று பேச ஆரம்பித்தார்.

முதல் நாள், தன்னை வளர்த்த காகம் தான் வாயைத் திறந்து ‘கூ’ என்றதும் கொத்தி விரட்டிவிட்டதைச் சொன்னார். டாக்டர் “ம்ம்ம்ம்” என்றார். அந்த ‘ம்ம்ம்ம்’ ஏகாந்தனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு கலைஞனுக்கு ரசிகர் கிடைத்தால் சும்மா இருப்பானா? இரண்டாம் நாள் அந்தக் காகம் அவரை ஆற்றங்கரை வரைக்கும் விரட்டியிருந்தது. மூன்றாம் நாள் கூட இருபது காகங்களைச் சேர்த்துக்கொண்டு விரட்டியிருந்தது. நான்காம் நாள், விரட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் பட்டினி போட்டிருந்தது. இதைச் சொல்லும்போது டாக்டர் உடம்பு சிலிர்த்து “ம்மா” என்று முனகினார். தன் கதை எருமைத் தோலையே துளைக்கிறது என்று ஏகாந்தனுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மேலே இருந்த காகம் அன்றைக்கு உண்ணியே இல்லாத இடத்தில் ஓங்கி ஓங்கிக் கொத்திக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அப்படியும் இரண்டாவது கூ வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் போனபோது டாக்டர் சங்கடத்தோடு தாமரை இலையை நீட்டினார். காட்டு அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்திருந்தது. யானை தன் காலால் ‘முழுமையாக இல்லை’ என்று முத்திரை வைத்திருந்தது. வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதினால்தான் மேற்கொண்டு சிகிச்சை.

ஏகாந்தன் மழுப்பிப் பார்த்தார். அதெல்லாம் மறந்துபோச்சு என்றார். வீடே இல்லாதவனுக்கு வீட்டுப் பெயர் ஏது என்று கொஞ்சம் இலக்கியமாகவும் சொல்லிப் பார்த்தார். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“வாயாண்டின்னு எழுதிக்குங்க டாக்டர்” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

காகம் உண்ணி பொறுக்குவதை நிறுத்தியிருந்தது. ஏகாந்தனுக்குச் சிறகு ஒடுங்கிவிட்டது. இனிமேல் அவரை ‘அவர்’ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“முட்டையிலேருந்து வந்ததுலேருந்து திறந்த வாய் மூடுனதில்ல. அதான் வாயாண்டி. எம் பேரு அங்காயி. தாயின் பெயர்ங்கற எடத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கானே, அதை அடிச்சுட்டு அதையும் எழுதிக்குங்க” என்றது காகம். பிறகு அவன் பக்கம் திரும்பியது. “ஏன்டா, ஒரு மாசம் பட்டினி போட்டேனா உன்னை?”

அப்புறம் அங்காயி நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. அவன் தன் முட்டை இல்லை என்பது முதல் நாளே அதற்குத் தெரியுமாம். முட்டை போட்டவளுக்கு எத்தனை போட்டோம் என்று தெரியாதா? அளவு சின்னது, புள்ளி வேறு மாதிரி. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சேர்த்து அடைகாத்தது. சொந்தப் பிள்ளைகள் மூன்றும் பாதி வயிற்றோடு பார்த்துக்கொண்டிருக்க, எங்கெங்கோ அலைந்து அத்திப்பழம் கொண்டுவந்து இவன் வாயில் போட்டது. ‘கூ’ என்று சொன்னதற்காகவும் அது விரட்டவில்லை. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து இவன் சாதகம் பண்ண, கூடு இருந்த மொத்த ஆலமரமும் சண்டைக்கு வந்துவிட்டது. அந்த வேப்பமரத்துக்குப் போய்ப் பாடித் தொலைடா என்று ஒரு கொத்து கொத்தித் தள்ளிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

“போனவன் போனவன்தான்” என்றது அங்காயி. “சாயங்காலம் பசிச்சா வந்துருவேன்னு நினைச்சேன். பழத்தை எடுத்து வச்சுக்கிட்டு எத்தனை சாயங்காலம் பார்த்துக்கிட்டிருந்தேன் தெரியுமாடா?”

இத்தனை வருஷமாக ஊரையே அழவைத்தவனுக்கு அன்றைக்குத்தான் சொந்த அழுகை வந்தது. அவன் எருமை முதுகில் ஏறி அங்காயி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். டாக்டர் “ம்ம்ம்ம்” என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் குணமானவர்களுக்கான பக்கத்தில் ‘குணமாகிவிட்டது’ என்று எழுதினார். அந்த நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் விழுந்த முதல் எழுத்து அதுதான்.

அன்று சாயங்காலமே இரண்டாவது கூ வந்துவிட்டது. ஆனால் அதில்தான் புது வில்லங்கம்.

அம்மா கையால், அதாவது அலகால், பத்து நாள் வேளா வேளைக்கு அத்திப்பழம் சாப்பிட்டு வாயாண்டி கொழுகொழுவென்று ஆகிவிட்டான். இரண்டு கூவும் உருண்டு திரண்டு வந்தன. கரடி ஒத்திகை கேட்க வந்தார். முயல்களையும் கூட்டி வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் ஒரு முயல், இன்றைக்கு யார் வீட்டில் விருந்து என்று கேட்டது.

“குரல் நல்லாயிருக்கு. ஆனா கல்யாண வீட்டுல சாப்பிட்டு வெத்தல பாக்குப் போட்டவரு பாடுற மாதிரில்ல இருக்கு” என்றார் கரடி. இதற்கு அக்காக்குருவியே தேவலை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் போகிற வழியில் அக்காக்குருவியின் மரத்தடியில் நின்று பேசிவிட்டுப் போனார்.

வாயாண்டி விழுந்தடித்துக் குளத்துக்கரைக்கு ஓடினான். தன்னைப் பழையபடி ஆக்கிவிடும்படி டாக்டரிடம் கெஞ்சினான். அம்மா வேண்டும், அதை விட முடியாது. பாட்டும் வேண்டும், அதையும் விட முடியாது. திருவிழாவுக்கு மிச்சம் நாலே நாள்தான் இருந்தது. மந்தாகினி ரொம்ப நேரம் அசைபோட்டார்.

“தம்பி, நான் புண்ணை ஆத்தத்தான் படிச்சிருக்கேன். புண்ணாக்குறதெல்லாம் வீட்டு ஆளுங்க செய்யற வேலை” என்றார்.

முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த அங்காயி நிமிர்ந்து உட்கார்ந்தது.

திருவிழா அன்று மாமரம் முழுக்கப் பூ. காடே கூடியிருந்தது. கிளி மைக்கைப் பிடித்து, வளர்த்தவளால் விரட்டப்பட்டவர் என்று சொல்லி வாயை மூடவில்லை, எங்கிருந்தோ அங்காயி சிறகை விரித்துக்கொண்டு வந்தது. போடா வெளியே என்று ஒரே கத்தல். கொத்தின கொத்தில் வாயாண்டியின் வாலிலிருந்து இரண்டு இறகு பறந்தது. மாமரத்தை மூன்று சுற்று விரட்டியது. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் அங்காயி அவன் காதோரம் வந்தது.

“சாயங்காலம் சீக்கிரம் வந்துருடா. பழம் எடுத்து வச்சிருக்கேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பறந்துபோய்விட்டது.

வாயாண்டி கிளையில் வந்து உட்கார்ந்தான். வால் எரிந்தது. போடா என்றது நடிப்பு என்று அவனுக்குத் தெரியும், அதனால் அது வலிக்கவில்லை. சீக்கிரம் வந்துரு என்றதுதான் தாங்க முடியவில்லை. தான் போகாமலே விட்ட அத்தனை சாயங்காலமும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் வந்து நின்றது. கண்ணை மூடி முதல் கூவைப் போட்டான். நிறுத்தினான். இரண்டாவது கூ வந்தது. அன்றைக்குக் கரடி அழுதார், முள்ளம்பன்றி அழுதது, அறிவிப்புச் செய்த கிளி மைக்கை அணைக்க மறந்து அழுதது. ஒரு ஆமை ஓட்டுக்குள் போனது மறுநாள்தான் வெளியே வந்தது.

அதற்கப்புறம் நிலையத்தின் பலகையில் ‘குணமானவர்கள் பழையபடி ஆக்கித் தரப்படுவார்கள்’ என்று ஒரு வரி கூடியது. அக்காக்குருவிகூட ஓடிவந்து தன்னை ஒருதடவை விரட்டும்படி அங்காயியைக் கேட்டது. தன் பிள்ளையைத் தவிர வேறு யாரையும் விரட்ட மனசு வராது என்று அங்காயி சொல்லிவிட்டது. அக்காக்குருவி மூன்று அக்காக்களிடமும் போய்க் கேட்டிருக்கிறது. அவர்கள் பதறிப்போய் நாலாவது வேளையும் சேர்த்து ஊட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதன் தலையெழுத்து அப்படி, நாம் என்ன செய்ய?

திருவிழா முடிந்த சாயங்காலம் வாயாண்டி சொன்னபடி சீக்கிரமே கூட்டுக்கு வந்துவிட்டான். அங்காயி பழத்தை அவன் வாயில் போட்டுவிட்டு அவன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ரொம்ப வலிச்சுதாடா?”

“இல்லம்மா” என்றான் வாயாண்டி, வாய் நிறையப் பழத்தோடு. “அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு கொத்து சேர்த்துக் கொத்து.”

நீதி: பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாக வளர்க்க வேண்டும். பாட வருகிற பிள்ளையாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ஊர் பார்க்க வீட்டைவிட்டு விரட்ட வேண்டும். சாயங்காலத்துக்குப் பழம் எடுத்து வைத்துவிட்டுத்தான் விரட்ட வேண்டும்.